புள்ளிகளுக்கு முன்னால் நாட்கள்: கிரிவலப் பாதையில் ஒரு கிரெடிட் கார்டுக் கணக்கு

வணிகர்களுக்கான பயணச் சலுகைக் கிரெடிட் கார்டுகளை ஒப்பிட்டு எழுதுபவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். ஆண்டுக்கு எத்தனை முறை அங்குள்ள ஓய்வறைக்குள் இலவசமாக நுழையலாம், ஒரு புள்ளி எத்தனை விமான மைலாக மாறும், எந்த நட்சத்திர ஓட்டலில் ஓர் இரவு சும்மா தங்கலாம் என்பவை அவர்களுடைய கேள்விகள். திருவண்ணாமலை மலைக்கு மேற்கே, சுமார் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் தங்கும் விடுதியோ கடையோ நடத்தும் ஒருவரிடம் இதே கேள்விகளைக் கொண்டுபோனால் அவை பொருந்தாமல் நிற்கும். மாவட்டத்துக்குள் பயணிகள் விமான நிலையம் கிடையாது. சென்னையின் மீனம்பாக்கம், பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையங்கள் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. இங்குள்ள தொழிற்பயணம் என்பது அரசுப் பேருந்து, விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதை, இல்லாவிட்டால் சொந்த வண்டி. சென்னை கடற்கரையில் இருந்து வேலூர் வரை ஓடிய மின்ரயில் 2024 மே மாதம் முதல் திருவண்ணாமலை வரை வருகிறது. தொடங்கியபோது கட்டணம் 50 ரூபாய். அந்தச் சீட்டுக்கு எந்தக் கார்டும் எந்த மைலும் தரப்போவதில்லை. இப்படிப்பட்ட ஊரில் கார்டைத் தேர்ந்தெடுக்கும்போது புள்ளியை இரண்டாவதாக வைத்து, கார்டு கொடுக்கும் வட்டியில்லாத நாட்களை முதலில் எண்ண வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஒரு கடையில் 1,000 ரூபாய்க்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரரின் கணக்குக்கு 1,000 ரூபாய் முழுதாக வருவதில்லை. எம்டிஆர் எனப்படும் கழிவு அதில் பிடிக்கப்படுகிறது. இணையக் கட்டணச் சேவை நிறுவனங்கள் வெளிப்படையாகப் போட்டிருக்கும் விலைப்பட்டியலின்படி உள்நாட்டுக் கார்டுக்கு இது சுமார் 2%, வெளிநாட்டுக் கார்டுக்குச் சுமார் 3%, அதன்மேல் 18% ஜிஎஸ்டி. இந்தக் கழிவின் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. அதில் ஒரு துண்டுதான் புள்ளியாகத் திரும்பிக் கார்டுதாரரிடம் வருகிறது. கழிவு இருக்கும் இடத்தில் மட்டுமே சலுகை இருக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. டெபிட் கார்டுக்கு 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைத்தது: ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய் வரை உள்ள சிறு வணிகருக்கு 0.40%, மற்றவர்களுக்கு 0.90%. 2020 ஜனவரி 1 முதல் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கழிவே இல்லை என்றானது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் வரம்பு ஏதும் இல்லை. விமான மைல்களும் ஓய்வறைகளும் கிரெடிட் கார்டைச் சுற்றியே குவிந்து கிடப்பதற்குக் காரணம் வங்கிகளின் தாராள மனம் அல்ல. ஆஸ்திரேலியாவில் மத்திய வங்கி 2003-இல், கழிவில் கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும் பங்கைக் குறைத்தபோது அங்குள்ள கார்டுகளின் சலுகையும் கூடவே சுருங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தனிநபர் கிரெடிட் கார்டுக்கு 0.3% என்று கட்டுப்படுத்தியது. வணிகக் கார்டுகளுக்கு மட்டும் அந்த வரம்பில் இருந்து விலக்குக் கொடுத்தது.

சலுகைக்கான பணத்தை மற்றவர்களும் சேர்ந்து கட்டுகிறார்கள் என்ற பழைய சந்தேகத்துக்கு அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்கள் மூவர் 2010-இல் ஒரு மதிப்பீடு போட்டார்கள். கடைக்காரர் கழிவை விலையில் ஏற்றிவிடுவதால், ரொக்கம் கொடுத்து வாங்கும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது, கார்டுக் குடும்பம் ஒவ்வொன்றும் ரொக்கக் குடும்பங்களிடம் இருந்து 1,133 டாலர் பெறுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு. அமெரிக்க எண்ணை அப்படியே திருவண்ணாமலைக்குத் தூக்கி வர முடியாது. யுபிஐ கழிவின்றி ஓடுகிற நாட்டில் அந்தச் சுமை இவ்வளவு பெரிதாகச் சேராது. ஆனால் பணம் எந்தத் திசையில் நகர்கிறது என்பது இங்கும் மாறவில்லை. அடி அண்ணாமலை விடுதிக்காரருக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. அவர் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறார். வெளிநாட்டுப் பயணி அறை வாடகைக்குத் தன் நாட்டு வங்கிக் கார்டை நீட்டும்போது அவருடைய மைலுக்கு உரிய பணத்தை இவர்தான் கொடுக்கிறார். பிறகு தானும் ஒரு சலுகைக் கார்டை வாங்கி, அந்த இழப்பைப் புள்ளியாக மீட்கப் பார்க்கிறார். அந்த மீட்பு பலிக்குமா என்பதுதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியது.

ஒரு சிறு விடுதியின் ஆண்டுக் கார்டுச் செலவு 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண். யாருடைய பேரேட்டில் இருந்தும் எடுத்ததல்ல. இதில் மின்கட்டணம், டீசல், காப்பீடு, அரசுக் கட்டணம் போன்றவை 1,80,000. இந்த வகைகளுக்குப் பெரும்பாலான பயணக் கார்டுகள் புள்ளியே தருவதில்லை, தந்தாலும் வரம்பு வைத்து நறுக்கிவிடுகின்றன. கரூர் விரிப்புகள், சென்னை பாரிமுனையில் வாங்கும் குழாய்ச் சாமான்கள், மளிகை, இணைய விளம்பரம் எல்லாம் சேர்ந்து 3,60,000. பயணத்துக்கு 60,000. பயணக் கார்டு சாதாரணச் செலவுக்கு 1%, பயணத்துக்கு 5% மதிப்பில் புள்ளி தருகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொண்டால், 3,600-உம் 3,000-உம் சேர்ந்து 6,600 ரூபாய் வருகிறது. ஆண்டுக் கட்டணம் 5,000 என்றால் ஜிஎஸ்டியோடு 5,900. கையில் மிஞ்சுவது 700. ஆண்டுக் கட்டணமே இல்லாமல், மின்கட்டணம் போன்ற அந்த வகைகளைத் தவிர மற்ற எல்லாச் செலவுக்கும் நேராக 1% பணம் திருப்பித் தரும் சாதாரணக் கார்டில் 4,20,000-க்கு 4,200 கிடைத்திருக்கும். பயணத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும் 4% அந்த 5,900-ஐ ஈடுகட்ட வேண்டுமானால் ஆண்டுக்கு 1,47,500 ரூபாய் பயணத்துக்கு மட்டும் செலவாக வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் சரக்கு வாங்கப் போய் வருகிறவர் அந்த எல்லையின் பக்கத்தில்கூட வரமாட்டார்.

இந்தக் கணக்கில் 5,000-க்குப் பதில் 5,900-ஐ எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்தால் கார்டுக் கட்டணத்தின் மேல் விழும் 18% வரியை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்று வங்கியின் விற்பனையாளர் சொல்வார். பொதுவாக அது சரிதான். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டபோது, உள்ளீட்டு வரி வரவு கிடையாது என்ற நிபந்தனையும் சேர்ந்தே வந்தது. கிரிவலப் பாதையில் அநேகமாக எல்லா விடுதிகளும் இந்த வாடகைக்குள்தான் அடங்குகின்றன. விற்றுமுதல் 20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவே செய்யாதவருக்கு அந்த வரவு முன்பும் இல்லை. ஆகவே கார்டின் ஆண்டுக் கட்டணத்துக்கு விழும் வரியும், எம்டிஆருக்கு விழும் வரியும் விடுதிக்காரருக்கு முழுச் செலவு.  ஆரணிப் பட்டு வியாபாரிக்கோ செய்யாறு சிப்காட்டில் ஆலைகளுக்கு உதிரிப்பொருள் கொடுப்பவருக்கோ இந்தத் தடை கிடையாது. அவர்கள் 5,000 என்றே கணக்கிடலாம், அவர்களுடைய எல்லை 1,25,000-க்கு இறங்கும். ஒரே கார்டு, ஒரே மாவட்டம், தொழில் மாறினால் விலை மாறுகிறது. ஒப்பீட்டு அட்டவணைகளில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியவர் யாரும் என் கண்ணில் படவில்லை.

இப்போது நாட்களுக்கு வருவோம். மாதம் 50,000 ரூபாய் கார்டில் போகிறது. வாங்கிய நாளில் இருந்து பில் போடும் நாள் வரை சராசரியாக 15 நாள், பில்லில் இருந்து கெடு நாள் வரை 20 நாள் என்று எடுத்தால், ஒவ்வொரு ரூபாயும் சராசரியாக 35 நாள் வட்டியில்லாமல் வணிகரின் கையில் இருக்கிறது. எந்த நாளில் பார்த்தாலும் வங்கியின் பணம் சுமார் 58,000 ரூபாய் தொழிலுக்குள் சுழல்கிறது என்று பொருள். அந்தப் பணத்தை நகையை வைத்து ஆண்டுக்கு 10% வட்டியில் புரட்டியிருந்தால் 5,800 ரூபாய் போயிருக்கும். ஊரில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் என்ற ‘இரண்டு வட்டி’க்கு வாங்கியிருந்தால் ஏறத்தாழ 13,900. முதல் எண்ணே கட்டணம் இல்லாத கார்டின் 4,200 ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இரண்டாவது எண் பயணக் கார்டின் மொத்தப் புள்ளி மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மின்கட்டணத்துக்கும் காப்பீட்டுக்கும் புள்ளி வராவிட்டாலும் நாட்கள் வரும். சில வங்கிகள் குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகும் மின்கட்டணச் செலவுக்குத் தனிக் கட்டணம் போடுகின்றன. அதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். கையில் உபரிப் பணம் இருக்கிறவருக்கு இந்த நாட்களால் என்ன பயன்? அந்த 58,000 ரூபாயைச் சேமிப்புக் கணக்கில் 3% வட்டிக்கு வைத்தால் ஆண்டுக்கு 1,740 ரூபாய்தான் கிடைக்கும். அது புள்ளியைவிடக் குறைவு. இது உண்மை. கடன் வாங்கத் தேவையில்லாத தொழிலுக்குப் புள்ளியே முதல் அளவுகோலாக இருக்கலாம். ஆனால் கிரிவலப் பாதைத் தொழில்களின் வருமானம் ஆண்டு முழுக்கச் சீராக வருவதில்லை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் ஏறி இறங்குகிறது. கார்த்திகைத் தீபத்தில் உச்சம் தொடுகிறது. வெளிநாட்டினர் குளிர்காலத்தில் வந்து வெயில் ஏறும்போது கிளம்பிவிடுகிறார்கள். வரவு ஒரு சில நாட்களில் குவிய, செலவு எல்லா நாளும் நடக்கிறது. உபரி இருக்கும் விடுதிக்காரருக்கும் ஐப்பசியில் வெள்ளையடித்து, விரிப்பு மாற்றி, தண்ணீர்த் தொட்டி பழுது பார்க்கும்போது கை சுருங்கும்.

பில் தேதி என்ற, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத ஒரு விவரம் இங்கே முக்கியமாகிவிடுகிறது. வங்கி ஆங்கில மாதத் தேதியில் பில் போடுகிறது. பௌர்ணமி ஏறத்தாழ 29½ நாளுக்கு ஒருமுறை வருகிறது. அதனால் ஆங்கில நாட்காட்டியில் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகிறது. கெடு நாள் பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் விழுந்தால் கல்லாவில் பணம் இருக்காது. இரண்டு நாள் பின்னால் விழுந்தால் இருக்கும். எல்லா மாதத்துக்கும் ஒத்துவரும் தேதி என்று ஒன்று இல்லை. ஆனால் ஆண்டின் பெரிய செலவு தீபத்துக்கு முந்தைய வாரங்களில் நடப்பதால் அந்தப் பருவத்துக்கு ஒரு தேதியைப் பொருத்தலாம். மகாதீபம் 2023-இல் நவம்பர் 26, 2024-இல் டிசம்பர் 13, 2025-இல் டிசம்பர் 3. நவம்பர் கடைசியில் பில் விழுந்து டிசம்பர் 18-ஐ ஒட்டிக் கெடு வருமானால் இந்த மூன்று ஆண்டுகளிலும் தீப வசூல் கைக்கு வந்த பிறகுதான் பணம் கட்டியிருப்பார்; நவம்பர் முதல் வாரத்தில் வாங்கிய சாமானுக்கு 40 நாளுக்குக் குறையாமல் தவணையும் கிடைத்திருக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21-இல் வெளியிட்டு அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கார்டு நெறிமுறைகள் பில் சுழற்சியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பைக் கார்டுதாரருக்குத் தருகின்றன. 2024 மார்ச் திருத்தத்தின்படி குறைந்தது ஒருமுறையாவது, அவரவர் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம். குறைந்தபட்சத்தோடு நிறுத்திக்கொள்ளும் வங்கியும் இருக்கும், கேட்கும்போதெல்லாம் மாற்றித் தரும் வங்கியும் இருக்கும். அடி அண்ணாமலைக்காரர் கார்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

நாட்களை நம்பிக் கார்டு வாங்கச் சொல்வது ஆபத்தான யோசனை என்பது அடுத்த மறுப்பு. கெடு தவறினால் அதே கார்டு ஊரிலேயே மிகக் கொடிய கடனாக மாறிவிடும் என்பார்கள். இதை லேசாக ஒதுக்க முடியாது. மாதம் 3.5% வட்டி என்பது ஆண்டுக்கு 42%. ‘இரண்டு வட்டி’க்காரரே தேவலை. 1 லட்சம் ரூபாயை ஒரே ஒரு மாதம் கட்டாமல் விட்டால் 3,500 வட்டி, அதன்மேல் 630 ஜிஎஸ்டி, ஆக 4,130. ஓராண்டு முழுக்கச் சேர்த்த 4,200 ரூபாய்ச் சலுகை ஒரு மாதத் தவறில் கரைந்துபோகிறது. வட்டியும் கெடு நாளில் இருந்து கணக்கிடப்படுவதில்லை. பொருள் வாங்கிய நாளில் இருந்து ஓடத் தொடங்குகிறது. கிரெடிட் கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-இல் ரத்துசெய்துவிட்டதால், நீதிமன்றம் போட்ட கூரை என்றும் எதுவும் மிச்சமில்லை. ஆனால் இந்த மறுப்பைக் கடைசிவரை கொண்டுபோய்ப் பார்த்தால் அது பயணச் சலுகைக் கார்டைத்தான் அதிகம் தாக்குகிறது. புள்ளிக்கான இலக்குகள் செலவைக் கூட்டத் தூண்டுபவை. மூன்று மாதத்தில் இவ்வளவு செலவழித்தால் ஓய்வறை, ஆண்டுக்குள் இவ்வளவு செலவழித்தால் போனஸ் என்றுதான் அவை கட்டப்பட்டிருக்கின்றன. நாட்களுக்காகக் கார்டு வைத்திருப்பவருக்கு எந்தச் செலவையும் கூட்டக் காரணம் இல்லை. நடக்கப்போகிற செலவின் தேதியை மட்டும் அவர் பார்க்கிறார். கெடு நாளில் முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் இருந்து தானாகவே பிடித்தமாகும்படி எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குத் துணியாதவர் கார்டே வாங்காமல் இருப்பது நல்லது.

அப்படியானால் பயணச் சலுகைக் கார்டு யாருக்குமே வேண்டாமா? வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சரக்கு விற்க மாதம் ஒருமுறை மும்பைக்கோ சூரத்துக்கோ பறக்கும் ஆரணி வியாபாரி மேலே சொன்ன எல்லையை ஆண்டு முடியும் முன் தாண்டிவிடக்கூடும். நீண்ட தூரம் ரயிலில் போகிறவர் காட்பாடியில் ஏறுகிறார். அவருக்கு விமான மைலைவிட, ஏசி வகுப்பு டிக்கெட்டுக்கு 10% வரை புள்ளி தருவதாகச் சொல்லி ஐஆர்சிடிசியோடு சேர்ந்து எஸ்பிஐ கார்டு போன்ற நிறுவனங்கள் தரும் குறைந்த கட்டணக் கார்டு பொருத்தமாக இருக்கும். வெளிநாட்டுக்குப் போகிறவர் புள்ளியை மறந்துவிட்டு அந்நியச் செலாவணிக் கூடுதலைப் பார்க்க வேண்டும். அது 2 சதவீதமா 3.5 சதவீதமா என்ற வித்தியாசம் பெரும்பாலான கார்டுகளின் அடிப்படைப் புள்ளி மதிப்பைவிடப் பெரிது.

இவர்களும் புள்ளியைச் சேமிப்பாக எண்ணிவிடக் கூடாது. அது வங்கியும் விமான நிறுவனமும் கொடுக்கும் வாக்குறுதி. அதன் மதிப்பை மாற்றும் உரிமையும் அவர்களிடமே இருக்கிறது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981-இல் தொடங்கிய மைல் திட்டம் 1987-இல் சிட்டிபேங்க் கார்டோடு இணைந்ததில் இருந்து உலகெங்கும் இதே கதைதான். இந்தியாவில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-இல் பறப்பதை நிறுத்தியபோது, அதன் மைல்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களிடம் மைல் இருந்தது, அவர்கள் ஏறுவதற்கு அந்த நிறுவனத்தின் விமானம் இல்லை. விஸ்தாரா 2024 நவம்பர் 12-இல் ஏர் இந்தியாவோடு கலந்தது. அதன் பெயரில் ஓடிய கார்டுகளும் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டன. சிட்டி வங்கியின் இந்தியக் கார்டு வணிகம் 2023 மார்ச்சில் ஆக்சிஸ் வங்கிக்குக் கைமாறியது. அதே ஆக்சிஸ் வங்கி 2023 செப்டம்பரில் தன் மேக்னஸ் கார்டில், மாதம் 1 லட்சம் செலவழித்தால் கொடுத்துவந்த 25,000 போனஸ் புள்ளிகளை நிறுத்தியது. ஐந்து புள்ளிக்கு நான்கு மைல் என்ற மாற்று விகிதத்தை இரண்டு மைலாகக் குறைத்தது. 2024 ஏப்ரல் முதல் ஐசிஐசிஐ வங்கி பல கார்டுகளுக்கு, முந்தைய காலாண்டில் 35,000 ரூபாய் செலவழித்தால்தான் ஓய்வறை என்றது. கார்டுக் கடன்களுக்கு வங்கிகள் எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்பதை நிர்ணயிக்கும் இடர் எடையை ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் 125-இல் இருந்து 150 சதவீதமாக உயர்த்தியது. அதற்குப் பிறகு வங்கிகள் சலுகையில் கைவைப்பதை யாரும் எதிர்பார்த்திருக்கலாம். கட்டணத்தை உயர்த்தினால் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் ஒரு புள்ளிக்கு இத்தனை பைசா என்று எந்த விதியும் கட்டிப்போடவில்லை. வட்டியில்லாத நாட்களில் பில்லுக்கும் கெடுவுக்கும் இடைப்பட்ட பகுதிக்காவது விதியின் பாதுகாப்பு உண்டு: பில் வந்த பிறகு குறைந்தது ஒரு பதினைந்து நாள் கொடுத்தாக வேண்டும், கெடு கடந்து மூன்று நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம்.

கார்டு எந்தப் பிணையத்தை (நெட்வொர்க்) சேர்ந்தது என்பதும் இந்தப் பாதையில் ஒரு நடைமுறைக் கேள்வி. காய்கறிக் கடை, எலக்ட்ரிக் கடை, சலவைக்காரர் என்று விடுதிக்காரர் பணம் கொடுக்கும் இடங்களில் கார்டு இயந்திரம் இருக்காது, க்யூஆர் ஒட்டியிருக்கும். ரிசர்வ் வங்கி 2022 ஜூனில் அறிவித்து அந்த ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாட்டின்படி ரூபே கிரெடிட் கார்டை மட்டும் யுபிஐயோடு இணைத்து அங்கே பயன்படுத்தலாம். உயர்ரகப் பயணக் கார்டுகள் பலவும் விசா, மாஸ்டர்கார்டு பிணையங்களில் இருப்பவை. மீனம்பாக்கத்தில் கதவு திறக்கும் கார்டு செங்கம் சாலைக் கடையில் பயன்படாது. ரூபேயிலும் இரண்டு வரம்புகள் உண்டு. வணிகர் கணக்குக்குத்தான் பணம் போகும். தனிநபர் கணக்கின் க்யூஆரை ஒட்டி வைத்திருக்கும் சிறு கடைக்குப் போகாது. யுபிஐ வழிச் செலவுக்குச் சில கார்டுகள் புள்ளியைக் குறைக்கின்றன அல்லது நிறுத்துகின்றன. ஆனால் இங்கே தேடுவது நாட்களை என்றால் இந்த இரண்டாவது வரம்பால் நட்டம் சிறிதுதான்.

கடைசியாக, பலரும் சொல்லும் வாதம் ஒன்று. கழிவு எப்படியும் விலையில் ஏறிவிட்டது, புள்ளியை எடுக்காமல் விட்டால் நட்டம் எனக்குத்தானே? வாங்குபவராக மட்டும் இருக்கிறவருக்கு இதில் தவறில்லை. கிடைப்பதை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். விற்பவராகவும் இருக்கிறவர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் அறை வாடகை வெளிநாட்டுக் கார்டுகளில் வந்தால் 3 சதவீதமும் வரியுமாக 17,700 ரூபாய் கழிவில் போகிறது. முன்னால் கணக்கிட்ட 700 ரூபாய் நிகரச் சலுகை இதற்கு எந்த மூலைக்கு? வாடிக்கையாளரிடம் ‘கார்டுன்னா ரெண்டு பர்சன்ட் எக்ஸ்ட்ரா’ என்று கேட்பதைச் சேவை வழங்கும் வங்கியோடு செய்த ஒப்பந்தம் பெரும்பாலும் தடுக்கும். கேட்டால் விருந்தாளியின் முகமும் மாறும். முன்பணத்தை மட்டும் கார்டில் வாங்கிக்கொண்டு மிச்சத்தை வேறு வழியில் பெறுவது, உள்நாட்டுப் பயணியை யுபிஐக்கு நகர்த்துவது, சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரையிலான ரூபே கிரெடிட்–யுபிஐ வரவுக்குக் கழிவு இல்லை என்ற விதியைப் பயன்படுத்துவது, கழிவு விகிதத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை பேரம் பேசுவது என்று விற்கும் பக்கத்தில் எடுக்கும் சிறு முயற்சி ஒவ்வொன்றும், வாங்கும் பக்கத்தில் புள்ளிகளைத் துரத்துவதைவிட அதிகம் மிச்சப்படுத்தும்.

2025 பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட்டில், உத்யம் தளத்தில் பதிவு செய்த குறுந்தொழில்களுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்புள்ள தனிக் கிரெடிட் கார்டு, முதல் ஆண்டில் 10 லட்சம் கார்டுகள் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பில் மைலும் இல்லை, ஓய்வறையும் இல்லை. கடன் வரம்பு மட்டுமே பேசப்பட்டது. அடி அண்ணாமலையின் தேவைக்கு அது பொருத்தமான தொடக்கம்தான். அந்தக் கார்டை வங்கி நீட்டும்போது கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியவை சில: பில் போடும் தேதி எது, எத்தனை முறை மாற்றலாம், பில்லுக்கும் கெடுவுக்கும் இடையே எத்தனை நாள், யுபிஐயில் இணையுமா, ஆண்டுக் கட்டணம் வரியோடு எவ்வளவு, தவறினால் மாத வட்டி எவ்வளவு. புள்ளிகளைப் பற்றிய கேள்வி ஏழாவதாக வரலாம்.